கல்லும் செப்பேடும் காட்டும் கடலரசு: ஸ்ரீவிஜயத்தின் அயலுறவுகள்

பாகான் டத்தோ என்றதும் பேரா மாநிலத்தவர்களுக்கு இரண்டு காட்சிகள் நினைவுக்கு வரும். ஒன்று, பேரா ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கும் அகன்ற முகத்துவாரம். மற்றொன்று, கண்ணுக்கெட்டிய தூரம் வரை வரிசையாக நிற்கும் தென்னை. ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து கடலோரம் வரை அந்தத் தென்னையை நம்பி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல.

அந்த ஊரின் பெயரில் உள்ள ‘டத்தோ’ என்ற சொல்லும், அதன் அடையாளமான தென்னையும் 1,300 ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் இடம்பெற்றுவிட்டன என்றால் நம்புவீர்களா, மாணவர்களே? நீரிணைக்கு அப்பால், சுமத்ராவின் பலெம்பாங் நகரைச் சுற்றிக் கிடைத்த கல்வெட்டுகளில் தலைவனைக் குறிக்க ‘டாத்து’ என்ற சொல் வருகிறது. இன்றைய டத்தோ அந்தச் சொல்லின் வழிவந்ததே. அதே வட்டாரத்தில் கி.பி. 684-இல் பொறிக்கப்பட்ட ஒரு கல்வெட்டு, அரசன் அமைத்த பூங்காவில் நடப்பட்ட மரங்களைப் பட்டியலிடுகிறது. அதில் முதலில் வருவது ‘நியூர்’, அதாவது தென்னை. அடுத்து வருவது ‘பினாங்’ என்ற கமுகு.

அந்தக் கற்களை எழுதவைத்த அரசு ஸ்ரீவிஜயம். இடைநிலைப்பள்ளி வரலாற்றுப் பாடத்தில் அதை ஒரு கடல்சார் மலாய் அரசாகப் படிக்கிறோம். இந்தியாவோடும் சீனாவோடும் அது உறவு கொண்டிருந்தது என்று ஒரு வரியில் மனப்பாடம் செய்கிறோம். அந்த ஒரு வரி எப்படித் தெரிய வந்தது? எந்தக் கல் அதைச் சொல்கிறது? யார் எழுதிய கல்? இந்தக் கேள்விகளைக் கேட்கும்போதுதான் வரலாறு பாடமாக இல்லாமல் துப்பறியும் வேலையாக மாறும்.

பெயரே மறந்துபோன பேரரசு

நூறு ஆண்டுகளுக்குச் சற்று முன்புவரை ஸ்ரீவிஜயம் என்றொரு பேரரசு இருந்தது என்பதே உலகுக்குத் தெரியாது. 1892-இல் சுமத்ராவுக்கு அருகிலுள்ள பாங்கா தீவின் கோத்தா காப்பூரில் ஒரு கல்வெட்டு கிடைத்தது. அதைப் படித்து 1913-இல் வெளியிட்ட டச்சு அறிஞர் கெர்ன், ‘ஸ்ரீவிஜய’ என்பது ஓர் அரசனின் பெயர் என்று கருதினார்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1918-இல், ஜார்ஜ் செடேஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் அதே சொல்லை வேறு கோணத்தில் பார்த்தார். தமிழ்நாட்டுச் சோழர் ஆவணங்களில் வரும் ஸ்ரீவிஜயம், சீனக் குறிப்புகளில் வரும் ஷிலிஃபோஷி, சான்ஃபோச்சி என்ற பெயர்கள், கோத்தா காப்பூர்க் கல்லில் உள்ள சொல் ஆகிய அனைத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இவையெல்லாம் ஓர் ஆளின் பெயரைக் குறிக்கவில்லை, பலெம்பாங்கை மையமாகக் கொண்ட ஓர் அரசைக் குறிக்கின்றன என்று எழுதினார். இரண்டே ஆண்டுகளில், 1920-இல், பலெம்பாங் வட்டாரத்திலேயே கெடுக்கான் புக்கிட், தாலாங் துவோ கல்வெட்டுகள் கண்டெடுக்கப்பட்டன. செடேஸின் கருத்து வலுப்பெற்றது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஸ்ரீவிஜயம் மீண்டும் ‘கண்டுபிடிக்கப்பட்டதே’ அயல்நாட்டு ஆவணங்களின் துணையால்தான். ஒரு நாட்டின் கல்லை மட்டும் வைத்திருந்தால் அது ஓர் அரசனின் பெயராகவே நின்றிருக்கும்.

மலாயில் பேசும் கல்

சொந்த மண்ணில் ஸ்ரீவிஜயம் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொண்டது? கெடுக்கான் புக்கிட் கல்வெட்டு சிறியது. மொத்தமே பத்து வரிகள். சக ஆண்டு 605, அதாவது கி.பி. 683-இல், டாபுந்தா ஹியாங் என்ற தலைவர் மரக்கலம் ஏறி, வெற்றிப் பயணம் செய்து, ஒரு குடியிருப்பை நிறுவியதை அது கூறுகிறது.

அதன் மொழி பழைய மலாய். எழுத்து, தென்னிந்தியாவிலிருந்து வந்த பல்லவ எழுத்து. இன்று மலாய் மொழியில் எண்ணத் தெரிந்த எந்த மாணவனும் அதில் சில சொற்களைப் பிடித்துவிடலாம். ‘துவா ராத்துஸ்’ என்றால் இருநூறு. இன்றும் அதே சொல்தான். ‘சரிவு’ என்பது இன்றைய ‘செரிபு’, ஆயிரம். ‘சபுலு துவா’ என்பது பன்னிரண்டு. ‘டங்கான் ஜாலான்’ என்று வருவது தரைவழியே நடந்து சென்றவர்களைப் பற்றியது. படையைக் குறிக்க வரும் ‘வல’ என்ற சொல் நாம் ‘பலம்’ என்று வழங்கும் சொல்லின் உறவு. ‘துவா லக்ஸ’ என்று படையின் எண்ணிக்கை வருகிறது. நமக்கு இலட்சம் என்றால் நூறாயிரம். மலாயில் ‘செலக்ஸா’ என்றால் பத்தாயிரம். எனவே அது இருபதாயிரம் பேர் கொண்ட படை.

ஒரே வரியில் மலாய் இலக்கணம், வடமொழிச் சொல், தென்னிந்திய எழுத்து. வெளியுலகத் தொடர்பு என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை. கல்வெட்டு என்ன சொல்கிறது என்பது ஒரு சான்று என்றால், அது எந்த எழுத்தில், எந்த மொழியில் எழுதப்பட்டது என்பதும் சான்றே.

தாலாங் துவோ கல்வெட்டு இன்னொரு வகைத் தொடர்பைக் காட்டுகிறது. ஸ்ரீக்ஷேத்திரம் என்ற பூங்காவை அமைத்த ஸ்ரீ ஜயநாசன், அங்குள்ள தென்னையும் கமுகும் குளங்களும் எல்லா உயிர்களுக்கும் பயன்பட வேண்டும் என்று வேண்டுகிறான். அந்த வேண்டுதலில் உள்ள சொற்கள் மகாயான பௌத்தத்தின் சொற்கள். அவை இந்தியாவிலிருந்து துறவிகளோடும் ஏடுகளோடும் கடல் கடந்து வந்தவை. இதற்குச் சீனத் துறவி யிஜிங் சாட்சி. அவர் 671-இல் குவாங்சோவிலிருந்து கப்பலேறி, ஸ்ரீவிஜயத்தில் ஆறு மாதம் தங்கி வடமொழி இலக்கணம் கற்றார். பிறகு மலாயு, கெடா வழியாக இந்தியா சென்றார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட துறவிகள் ஸ்ரீவிஜய நகரில் இருந்ததாக எழுதினார். கல்லும் பயணியும் ஒரே காலத்தில் ஒரே செய்தியைச் சொல்கிறார்கள்.

எல்லாக் கல்வெட்டும் இப்படிக் கருணை பேசவில்லை. 686-ஐச் சேர்ந்த கோத்தா காப்பூர்க் கல்வெட்டு, துரோகம் செய்பவர்கள் சாபத்தால் அழிவார்கள் என்று மிரட்டுகிறது. பணியாத ஜாவா நாட்டின் மீது படை புறப்பட்டதையும் குறிப்பிடுகிறது. தெலாகா பத்து கல்வெட்டின் உச்சியில் ஏழு நாகத் தலைகள் உள்ளன. கல்லின் மீது நீர் ஊற்றி, வழிந்த நீரைக் குடித்து அதிகாரிகள் விசுவாச உறுதிமொழி எடுத்தனர் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். உறுதிமொழிக்கு உட்பட்டவர்கள் பட்டியலில் கப்பல் தலைவர்களும் ‘வணியாக’ எனப்படும் வணிகர்களும் இருக்கிறார்கள். வணிகன் என்ற நம் சொல்லும், ‘பெர்னியாகா’ என்ற மலாய்ச் சொல்லும் அங்கே கைகோத்து நிற்கின்றன. கப்பல்காரரையும் வணிகரையும் சத்தியத்தால் கட்டிப்போட்ட அரசு, கடல் வாணிபத்தையே உயிராகக் கொண்டிருந்தது என்பது தெளிவு.

ஆனால் இந்தக் கற்களில் சோழன் பெயர் இல்லை, பாலன் பெயர் இல்லை, சீனப் பேரரசன் பெயரும் இல்லை. அயலுறவைப் படிக்க நாம் கடல் கடக்க வேண்டும்.

நாளந்தாவில் ஒரு செப்பேடு

1921-இல், இன்றைய பீகாரிலுள்ள நாளந்தா அகழ்வில் ஒரு செப்பேடு கிடைத்தது. ஒன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வங்காளத்தையும் பீகாரையும் ஆண்ட பால மன்னன் தேவபாலன் வெளியிட்டது அது. சுவர்ணதீபத்தின் அரசன் பாலபுத்திரதேவன் நாளந்தாவில் ஒரு விகாரையைக் கட்டினான் என்றும், அதன் செலவுக்காக ஐந்து ஊர்களைத் தருமாறு தூதர் வழி கேட்டான் என்றும், தேவபாலன் அவற்றை வழங்கினான் என்றும் அது கூறுகிறது. துறவிகளின் உணவு, உடை, மருந்து, நூல்களைப் படியெடுத்தல், கட்டடம் பழுதுபார்த்தல் என அந்த வருமானத்தின் பயன் விவரிக்கப்படுகிறது.

இன்றைய கண்ணால் பாருங்கள். வெளிநாட்டு மன்னர் ஒருவர் உலகப் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தில் தம் நாட்டு மாணவர்களுக்கும் அறிஞர்களுக்கும் பயன்படும் வகையில் ஒரு விடுதி கட்டுகிறார். உள்ளூர் அரசு அதற்கு நிலமும் நிதியும் தருகிறது. உறவு என்பது படை நடத்துவது மட்டும் அன்று என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரை

அடுத்த சான்று நமக்கு மிக நெருக்கமானது, தமிழில் உள்ளது. நெதர்லாந்தின் லைடன் நகருக்குச் சென்று சேர்ந்ததால் லைடன் செப்பேடுகள் என்றும், அவை குறிப்பிடும் ஊரால் ஆனைமங்கலச் செப்பேடுகள் என்றும் பெயர் பெற்றவை அவை. பெரிய செப்பேட்டில் 21 ஏடுகள் உள்ளன. 5 ஏடுகள் வடமொழி, 16 ஏடுகள் தமிழ்.

கடாரத்து அரசனான சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரை எழுந்தது. அதை அவன் மகன் ஸ்ரீமாற விஜயோத்துங்கவர்மன் கட்டிமுடித்தான். அந்த விகாரைக்கு முதலாம் இராஜராஜ சோழன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1005, 1006 வாக்கில், ஆனைமங்கலம் என்ற ஊரின் வருமானத்தை வழங்கினான். 97 வேலி நிலத்துக்குரிய காணிக்கடனாக 8,943 கலத்துக்கும் சற்று மேற்பட்ட நெல் குறிக்கப்பட்டுள்ளது. இராஜராஜன் வாய்மொழியாக இட்ட ஆணையை, அவன் காலத்துக்குப் பின் மகன் இராஜேந்திரன் செப்பேட்டில் பொறித்து நிலைப்படுத்தினான். ஏடுகளைக் கோத்த வளையத்தில் இருப்பது இராஜேந்திரனின் முத்திரை.

அரசன் சிவபக்தன், தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவன். அவன் நிலம் தந்தது அயல்நாட்டு பௌத்த மன்னனின் விகாரைக்கு. காரணம் பக்தி மட்டுமாக இருக்க முடியாது. நாகப்பட்டினம் சோழரின் பெருந்துறைமுகம். சீனம் செல்லும் கப்பல்களின் பாதை ஸ்ரீவிஜயத்தின் கையில் இருந்தது. தம் வணிகர் தங்கவும் வழிபடவும் ஓர் இடம் ஸ்ரீவிஜயத்துக்குத் தேவைப்பட்டது. சோழருக்கோ அந்த வணிகர் வருவது தேவைப்பட்டது. 1856 தொடங்கி நாகப்பட்டினத்தில் கிடைத்த 300-க்கும் மேற்பட்ட பௌத்த வெண்கலச் சிலைகள், அந்தச் சமூகம் அங்கே நெடுங்காலம் வாழ்ந்ததைக் காட்டுகின்றன.

இதே சூளாமணிவர்மன் 1003-இல் சீனத்துக்கும் தூதனுப்பினான். பேரரசர் நீடூழி வாழத் தன் நாட்டில் ஒரு பௌத்தக் கோயில் எழுப்பியிருப்பதாகச் சொல்லி, அதற்குப் பெயரும் மணியும் வேண்டினான். சோங் பேரரசர் இரண்டையும் அளித்தார் என்று சீன வரலாறு பதிவு செய்துள்ளது. இரண்டு மூன்று ஆண்டு இடைவெளியில், கிழக்கே சீனரோடும் மேற்கே சோழரோடும் கோயிலை முன்வைத்தே நட்பு பேசியிருக்கிறது ஸ்ரீவிஜயம்.

இந்த வழக்கம் பௌத்தத்தோடு நின்றுவிடவில்லை. நாகப்பட்டினம் காயாரோகணசுவாமி கோயில் சிவன் கோயில். அங்குள்ள இராஜேந்திரன் காலத் தொடக்கக் கல்வெட்டுகளில், ஸ்ரீவிஜய அரசனின் முகவர்கள் கோயிலுக்கு அணிகலன்களும் ‘சீனக் கனகம்’ எனப்படும் பொன்னும் வழங்கிய செய்திகள் உள்ளன. சுமத்ரா மன்னன், தமிழ்நாட்டுச் சிவன் கோயில், சீனத்துப் பொன். அன்றைய உலக வாணிபம் முழுவதும் அந்தச் சுவரில் அடங்கிவிட்டது.

1025: உறவு முறிந்த ஆண்டு

இந்த நட்பு நீடிக்கவில்லை. இராஜேந்திரன் தன் கப்பற்படையை அனுப்பி ஸ்ரீவிஜயத்தைத் தாக்கினான். தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள அவனது மெய்க்கீர்த்தி, அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மன் பிடிபட்டதையும், யானைகளும் வித்தியாதர தோரணம் என்ற வாயிலும் கைப்பற்றப்பட்டதையும் கூறி, ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் என 13 இடங்களை அடுக்குகிறது.

இந்தப் படையெடுப்பு 1025-ஐ ஒட்டி நடந்தது என்று எப்படிச் சொல்கிறார்கள்? இங்கே ஒரு நுட்பம் உண்டு. மெய்க்கீர்த்தி என்பது ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் நீண்டுகொண்டே போகும் முன்னுரை. இராஜேந்திரனின் முந்தைய ஆண்டுக் கல்வெட்டுகளில் கடாரம் இல்லை. 14-ஆம் ஆட்சியாண்டிலிருந்து வருகிறது. அந்த ஆண்டு 1025, 1026-ஐச் சேர்ந்தது. எனவே படையெடுப்பு அதற்குச் சற்று முன் நடந்திருக்க வேண்டும். ஒரு கல்வெட்டில் இல்லாததும் சான்றாகும் என்பது இதுதான்.

நம் இளையோர் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். பேச்சுப் போட்டி மேடைகளில் ‘கடாரம் கொண்டான்’ என்று முழங்குகிறோம். முழங்கலாம், அது இராஜேந்திரனின் உண்மையான விருதுப் பெயர். ஆனால் அதற்கு அடுத்த படியாக, இராஜேந்திரன் இந்நாட்டை ஆண்டான் என்றும் சிலர் சேர்த்துவிடுகிறார்கள். மெய்க்கீர்த்தி அப்படிச் சொல்லவில்லை. வென்றதையும் பொருள் கொண்டதையும்தான் சொல்கிறது. அங்கே சோழ ஆளுநர் இருந்தான், வரி வாங்கினான் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. ஏன் தாக்கினான் என்றும் அது கூறவில்லை. சீன வாணிப வழியின் மீதான போட்டி என்பது ஆய்வாளர்கள் சூழலைப் பார்த்துச் சொல்லும் விளக்கம்.

வென்றவன் எழுதிய சான்று இது. தோற்றவன் தரப்பில் இப்படையெடுப்பைப் பற்றிய கல்வெட்டு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் சீன ஆவணங்கள் ஒன்று சொல்கின்றன: 1028-இல், அதாவது மூன்றே ஆண்டுகளில், சான்ஃபோச்சியிலிருந்து மீண்டும் தூதர்கள் சீன அரசவைக்கு வந்தார்கள். அடிபட்ட அரசு அழிந்துபோகவில்லை என்பது இதனால் தெரிகிறது.

பேரா மாணவர்களுக்கு இன்னொரு செய்தி. புருவாஸ் வட்டாரத்தோடு இணைத்துப் பேசப்படும் கங்கா நெகாராவை இராஜேந்திரன் அழித்தான் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ராஜா சூரான் கங்கா நெகாராவை வென்ற கதை ‘செஜாரா மெலாயு’வில் வருகிறது. அது நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்ட இலக்கியம். மெய்க்கீர்த்தியின் 13 பெயர்களில் கங்கா நெகாரா இல்லை. கதையைக் கதையாக ரசிக்கலாம். தேர்வுத்தாளில் அதைக் கல்வெட்டுச் செய்தியாக எழுதக்கூடாது.

மீண்டும் நட்பு

1025-உடன் கதையை முடித்துவிடுபவர்கள் இதன் சுவையான பகுதியைத் தவறவிடுகிறார்கள். முதலாம் குலோத்துங்கனின் 20-ஆம் ஆட்சியாண்டில், 1090 வாக்கில், மூன்று ஏடுகள் கொண்ட சிறிய லைடன் செப்பேடு வெளியிடப்பட்டது. கடாரத்து அரசனின் தூதர்களான இராஜவித்தியாதர ஸ்ரீசாமந்தனும் அபிமானோத்துங்க ஸ்ரீசாமந்தனும் சோழனிடம் வந்து கேட்டுக்கொண்டபடி, நாகப்பட்டினத்து விகாரைகளுக்குரிய ஊர்களின் வரிவிலக்கு அதில் உறுதிசெய்யப்பட்டது. போர் நடந்து 65 ஆண்டுகள் ஆன பிறகும் விகாரை இருக்கிறது, அதற்குரிய ஊர்கள் இருக்கின்றன, கடாரத்துத் தூதர்கள் அரண்மனைக்கு வருகிறார்கள். அங்கிருந்த ஒரு விகாரையின் பெயர் இராஜேந்திர சோழப் பெரும்பள்ளி. கடாரத்தை வென்றவன் பெயரிலேயே கடாரத்தாரின் பள்ளி!

அதே காலத்தில் கிழக்கேயும் பழைய வழக்கம் தொடர்ந்தது. குவாங்சோவில் 1079-ஐச் சேர்ந்த ஒரு சீனக் கல்வெட்டு, சிதைந்து கிடந்த தாவோ சமயக் கோயிலொன்றைச் சான்ஃபோச்சியின் தலைவர் பொருள் கொடுத்துப் புதுப்பித்ததைக் கூறுகிறது. நாளந்தாவில் பௌத்தப் பள்ளி, நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரையோடு சிவன் கோயில், குவாங்சோவில் தாவோ கோயில். போன துறைமுகத்தில் மக்கள் எதைப் போற்றினார்களோ அதற்குக் கொடை கொடுத்து இடம் பிடித்திருக்கிறது ஸ்ரீவிஜயம். நான்கு இடத்துச் சான்றுகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தக் கொள்கை புலப்படும்.

அரசர்கள் மட்டுமே உறவு வளர்க்கவில்லை. சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் அருகே லோபு துவாவில் ஒரு தமிழ்க் கல்வெட்டு உண்டு. சக ஆண்டு 1010, அதாவது 1088-ஐச் சேர்ந்தது. ஐந்நூற்றுவர் என்ற தமிழ் வணிகர் குழு, வரும் கப்பல்களிடமிருந்து கஸ்தூரி விலையைக் கணக்கிட்டுப் பொன்னாக வாங்க வேண்டிய கட்டணத்தை அதில் எழுதிவைத்தது. கற்பூரத்துக்குப் புகழ்பெற்ற துறைமுகம் அது. இந்தக் கல்லில் போர் முழக்கம் இல்லை. கணக்கு வழக்கு இருக்கிறது.

நம் மாநிலத்தில் என்ன இருக்கிறது?

பேராவில் இத்தகைய நீண்ட கல்வெட்டு கிடைக்கவில்லை. ஆனால் கை வெறுமையாகவும் இல்லை. பாகான் டத்தோவுக்கு வடக்கே, மாத்தாங் அலையாத்திக் காடுகளை ஒட்டிய கோலா செலின்சிங்கில், ஐவர் எவன்ஸ் நடத்திய அகழ்வில் ஏராளமான மணிகளோடு ஒரு சிறு முத்திரைக் கல் கிடைத்தது. அதில் தென்னிந்திய எழுத்தில் ‘ஸ்ரீ விஷ்ணுவர்ம்மன்’ என்ற பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. யார் அந்த விஷ்ணுவர்மன்? இங்கிருந்த தலைவனா, வந்துபோன வணிகனா? ஒரு பெயரை மட்டும் வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. முத்திரை கையடக்கமான பொருள்; ஆளோடு பயணம் செய்யக்கூடியது. மலைபோன்ற பாறையில் வெட்டிய எழுத்துக்கும் அதற்கும் சான்றின் வலிமையில் வேறுபாடு உண்டு.

உள்நாட்டில், பீடோரில் 1936-இல் ஈய லம்பத்தில் மண்ணை வெட்டியபோது எட்டுக் கைகள் கொண்ட அவலோகிதேசுவரர் வெண்கலச் சிலை வெளிப்பட்டது. அது இன்று கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. சிலையின் பாணி ஸ்ரீவிஜய காலக் கலையோடு ஒப்பிடத்தக்கது. எழுத்து இல்லாத சான்று அது. ஈயம் விளைந்த பேராவின் உள்நாடு கடல் வழியே பௌத்த உலகோடு தொடர்பில் இருந்தது என்பதை அது காட்டும். யார் கொண்டுவந்தார், எந்த அரசின் கீழ் என்று சொல்லாது.

ஒரு சான்றைப் படிக்கும் முறை

வரலாற்றில் உயர்நிலைச் சிந்தனை வினா வரும்போது, ‘ஸ்ரீவிஜயம் சோழரோடு நல்லுறவு கொண்டிருந்தது’ என்று எழுதினால் பாதி உண்மை. ‘சோழர் ஸ்ரீவிஜயத்தை வீழ்த்தினர்’ என்று எழுதினாலும் பாதி உண்மை. 1005-இல் கொடை, 1025-இல் போர், 1090-இல் மீண்டும் தூது என்று மூன்று தேதிகளையும் அவற்றுக்குரிய சான்றுகளோடு எழுதுபவருக்கே முழு மதிப்பெண் உரியது.

எந்தக் கல்வெட்டை எடுத்தாலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். யார் எழுதவைத்தார்? யார் படிப்பதற்காக? சம்பவம் நடந்து எத்தனை ஆண்டுக்குப் பிறகு? இதே செய்தியை வேறு நாட்டார் சொல்கிறார்களா? கொடைச் செப்பேடு ஒரு சட்ட ஆவணம். அதில் நில எல்லையும் வரியும் துல்லியமாக இருக்கும். மெய்க்கீர்த்தி புகழ்மாலை, அதில் வெற்றி இருக்கும், இழப்பு இருக்காது. சாபக் கல்வெட்டு எச்சரிக்கை. அரசன் எதைக் கண்டு அஞ்சினான் என்பதை அது காட்டிக்கொடுக்கும். வணிகர் கல்வெட்டு ஒப்பந்தம். அன்றாட வாழ்க்கை அதில் தெரியும்.

பல்கலைக்கழகத்தில் வரலாறு, தொல்லியல், மொழியியல் படிக்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். ஸ்ரீவிஜயம் தன்னைப் பற்றி எழுதியது பழைய மலாயில். அதன் அயலுறவின் மிக விரிவான ஆவணங்களுள் ஒன்று தமிழில். உலகின் பல பகுதிகளிலிருந்தும் வரும் ஆய்வாளர்கள் இந்த இரண்டு மொழிகளையும் புதிதாகக் கற்றுக்கொண்டுதான் இந்தத் துறைக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, இடைநிலைப்பள்ளியில் மலாயில் படித்து வளர்ந்த ஊத்தான் மெலிந்தாங் மாணவிக்கோ, பாகான் டத்தோ மாணவனுக்கோ இரண்டும் கையில் இருக்கின்றன. அதோடு பல்லவ எழுத்தையும் கொஞ்சம் வடமொழியையும் சேர்த்துக்கொண்டால் போதும்.

அடுத்த முறை கோலாலம்பூர் சென்றால் தேசிய அருங்காட்சியகத்தில் பீடோர்ச் சிலையைப் பாருங்கள். கெடா சென்றால் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள். கெடுக்கான் புக்கிட் கல்வெட்டின் பத்து வரிகளைத் தேடியெடுத்து, அதில் உங்களுக்குத் தெரிந்த மலாய்ச் சொற்களை அடிக்கோடிடுங்கள். வடமொழிச் சொற்களை வேறு நிறத்தில் குறியுங்கள். வகுப்பில் மலாய் நண்பர் ஒருவரோடு சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது. அவருக்குத் தெரியாத சொல் சில உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்களுக்குத் தெரியாதவை அவருக்குத் தெரிந்திருக்கும்.